பிரஸ்ஸுக்கும் ஓவனுக்கும் நடுவே

மே 6, திங்கள்

கத்திரி பிறந்து மூன்றாம் நாள். காலை ஷிஃப்ட் மீட்டிங்கில் பேச்செல்லாம் 30 மி.மீ. அலுமினிய உருண்டைக் கம்பியைப் பற்றித்தான். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய கட்டுகள் கேட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. ஹெச்.இ.9 கலவை, அதாவது 6063. டி6 பதம் கேட்டிருந்தார்கள். பிரினெல் கடினத்தில் 73 ஒட்டி வரவேண்டியது 58, 60 என்று நிற்கிறது. லேத்தில் கடைந்தால் சீவல் முறியாமல் நூல் நூலாக இழுக்கிறதாம், மரை போட்டால் கிழிகிறதாம்.

இந்தச் சரக்கு வாசலைத் தாண்டிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. லைனில் எல்லாவற்றையும் வெப்ஸ்டர் கருவியால் கவ்விப் பார்த்துவிடுகிறோம். அதன் வாய் சில மி.மீ. தடிமன் வரைதான் திறக்கும். ஜன்னல் சட்டத்துக்குப் போதும், உருண்டைக் கம்பிக்கு உதவாது. கம்பியின் கடினத்தை அறியத் துண்டு வெட்டி லேபுக்கு அனுப்ப வேண்டும். எல்லா லாட்டுக்கும் அது நடப்பதில்லை.

மீட்டிங்கில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, "வெயில் மேடம். ஷெட்டே கொதிக்குது, கம்பி எப்படி ஆறும்?" மற்றது, ஏஜிங் ஓவனில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைப்பது. இரண்டாவதை உடனே மறுத்தேன். இந்தக் கலவைக்கு வலு தருவது மெக்னீசியமும் சிலிக்கானும். எக்ஸ்ட்ரூஷன் பிரஸ்ஸை விட்டு 520 டிகிரியில் வெளியே வரும்போது இரண்டும் அலுமினியத்துக்குள் கரைந்திருக்கும். வேகமாகக் குளிர்ந்தால் கரைந்தபடியே அகப்பட்டுக்கொள்ளும். பிறகு ஓவனில் 175 டிகிரியில் எட்டு மணி நேரம் கிடக்கும்போது கண்ணுக்கே தெரியாத நுண்துகள்களாகப் பிரிந்து உலோகத்தை இறுக்கும். வெளியே வந்ததும் ஆற அமரக் குளிர்ந்தால், வழியிலேயே பெரிய பெரிய துகள்களாகத் திரண்டுவிடும். அவை வலுவுக்கு உதவாதவை. அப்படித் திரண்டதை ஓவனால் திரும்பக் கரைக்க முடியாது, அதற்கு 175 டிகிரி போதாது. நேரத்தைக் கூட்டினால் மிச்சமிருக்கும் நுண்துகளும் பருத்து, இருக்கிற கடினமும் இறங்கும்.

ஆகவே ஓவனை விட்டுவிட்டுப் பிரஸ்ஸுக்கும் ஓவனுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே இருப்பது ரன்-அவுட் மேசை என்ற ஒரு நீண்ட மேசை, தலைக்கு மேல் நான்கு புளோயர், கீழிருந்து ஊதும் விசிறிகள், அவ்வளவுதான். இவ்வளவு எளிய இடம் என்பதாலேயே யாரும் அதை அளப்பதில்லை.

மே 7, செவ்வாய்

வெயில்தான் காரணமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்று 30 டிகிரியாக இருந்தால் 520 டிகிரிக் கம்பிக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 490. காற்று 42 ஆனால் 478. கம்பியிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. குறைவது நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. கத்திரி வெயிலால் பிரினெல் 73 போய் 58 ஆக வழியில்லை.

ஆனால் வெயில் என்று சொன்னவர்கள் வெறுமனே சொல்லவில்லை. அவர்கள் நிற்பது மேசையின் மறுகோடியில், ஸ்ட்ரெச்சர் பக்கம். கம்பியை இழுத்து நேராக்குவதற்கு முன் அது 50 டிகிரிக்காவது இறங்க வேண்டும். 70-லிருந்து 50-க்கு இறங்குவதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. 30 டிகிரிக் காற்றில் அதற்குப் பத்து நிமிடம் என்றால், 42 டிகிரியில் பதினெட்டு நிமிடம். இன்று புளோயர் காற்றை இழுக்கும் வாயில் வெப்பமானியை வைத்தேன், 47 காட்டியது. 47-ல் கிட்டத்தட்ட அரை மணி. ஸ்ட்ரெச்சர் அண்ணன் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போவது இதனால்தான். அவர் சொல்வது அவருடைய இடத்தில் முழு உண்மை. கடினத்தைத் தீர்மானிக்கும் இடம் அதுவல்ல, 500-க்கும் 250-க்கும் இடைப்பட்ட சில நிமிடங்கள்.

47 எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். ஒரு டன் அலுமினியம் 520-லிருந்து 50-க்கு இறங்கும்போது விடும் வெப்பம் ஏறத்தாழ 125 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழக அரசு 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று அறிவித்த 100 யூனிட்டைவிட அதிகம், மணிக்கு மணி இந்தத் தகரக் கூரைக்குக் கீழே கொட்டுகிறது. அந்தச் சூட்டுக் காற்றையே புளோயர் மறுபடி இழுத்துக் கம்பிமேல் ஊதுகிறது. கம்பி அதைப் பொறுத்துக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேரம் அங்கே நிற்கிற பிள்ளைகள் எப்படிப் பொறுப்பார்கள்? காற்றை வெளிச்சுவரிலிருந்து இழுக்கும்படி டக்ட் போட வேண்டும் என்று இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். மதியத்துக்குமேல் கடற்காற்று பழவேற்காட்டுப் பக்கமிருந்து இங்கே வந்துவிடுகிறது. கிழக்குச் சுவரைத் திறந்தால் போதும்.

மே 8, புதன்

இன்று முழுவதும் மேசையோரம். ஃபோர்மேன் அண்ணன் கூடவே இருந்தார். இருபது வருடம் பிரஸ் பார்த்த கை அவருடையது.

அளப்பதே ஒரு வித்தை. பக்கத்து ரோலிங் மில்லில் கம்பி பழுக்கச் சிவந்து ஓடும், சின்னப் பிள்ளைகூட ஒதுங்கி நிற்கும். நம் கம்பி 520 டிகிரியில் பளபளவென்று வெள்ளியாய்ப் படுத்திருக்கிறது. கண்ணுக்குச் சிவப்புத் தெரிய 525 டிகிரி ஆக வேண்டும், அதுவும் இருட்டில். போதாததற்கு, பளபளக்கும் அலுமினியம் தன் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவதே இல்லை எனலாம். செதில் பிடித்த இரும்பு விடுவதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதனால் பக்கத்தில் நின்றாலும் முகத்தில் சூடு அடிக்காது. கதிர்வீச்சை வைத்து அளக்கும் துப்பாக்கி மாடல் வெப்பமானியும் இங்கே பொய் சொல்லும். சாதாரணமாக வைத்தால் 200, 250 என்று எதையாவது காட்டும். இரண்டு முனை கொண்ட தொடு தெர்மோகப்பிளைக் கம்பியில் அழுத்திப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். பழைய ஆட்கள் சோப்பால் ஒரு கோடு இழுத்து அது கறுக்கிறதா என்று பார்ப்பார்கள். அண்ணன் அதையும் ஒருமுறை செய்து காட்டினார். துணித் தேய்ப்புச் சோப்பு, வெள்ளைக் கோடு, பேசி முடிப்பதற்குள் பழுப்பேறிக் கறுத்துவிட்டது.

போன வாரம்தான் சேர்ந்த பிள்ளை ஒருவன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பியை நகர்த்தக் கை நீட்டினான். அண்ணன் சத்தம் போட்டு நிறுத்தினார். அவன் ஹிந்திக்காரன், அண்ணனுக்கு ஹிந்தி அரைகுறை. ஆனால் அந்தச் சத்தம் எந்த மொழியிலும் புரியும். "பார்க்க ஆறின மாதிரிதானே இருக்கு மேடம், அவன் மேல என்ன தப்பு" என்றார் பிறகு. உண்மைதான். மேசை நெடுக மூன்று மொழியில் பலகை வைக்கச் சொல்லியிருக்கிறேன். பலகையைவிட முக்கியம், முதல் நாளே ஒவ்வொரு புதுப் பிள்ளையின் கண்முன்னே அந்தச் சோப்புக் கோட்டை இழுத்துக் காட்டுவது. இனி அது செய்யாமல் யாரையும் மேசைப் பக்கம் விடுவதில்லை என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம்.

அளவு இதுதான். கம்பி 500-லிருந்து 250-க்கு இறங்க எட்டு நிமிடம் எடுக்கிறது. வேகமாக இறங்கும் தொடக்கத்தில்கூட விநாடிக்கு ஒரு டிகிரி இல்லை. ஹெச்.இ.9 மென்மையான கலவை, காற்றில் குளிர்ந்தாலே போதும் என்று பேர் பெற்றது. அதற்கும் தொடக்கத்தில் விநாடிக்கு ஒரு டிகிரியாவது வேண்டும். நம் மேசை அதைக்கூடத் தரவில்லை.

மே 9, வியாழன்

காற்றின் வேகம் எவ்வளவு? யாருக்கும் தெரியவில்லை. புளோயர் ஓடுகிறதா என்று கேட்டால் "ஓடுது" என்பார்கள். கையை நீட்டிப் பார்த்தால் காற்று வரத்தான் செய்கிறது. ஏ.சி. வேலை எடுத்துச் செய்பவரிடம் அனிமாமீட்டர் கடன் வாங்கிக் கம்பி படுக்கும் உயரத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு புளோயருக்குக் கீழே விநாடிக்கு 4 மீட்டர். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் கீழே 10 மீட்டர். நான்கும் ஒரே மாடல், ஒரே 20 ஹெச்.பி. மோட்டார். முதல் இரண்டுதான் கம்பி மிகச் சூடாக இருக்கும் இடத்தில் ஊதுபவை.

ஃபில்டரைத் தட்டிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. டக்ட்டில் ஓட்டை இல்லை. ஏணி வைத்து ஏறி, கவசத்தின் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தேன். கீழே சிவப்பில் ஓர் அம்புக்குறி. "ஸ்விட்சை அணைங்க அண்ணே" என்றேன். இறக்கைச் சக்கரம் வேகம் தணிந்து நிற்கப் போகும் சமயத்தில் அதன் திசை கண்ணுக்குத் தெரிந்தது. அம்புக்கு நேர் எதிர்த் திசை.

இந்த ரக புளோயரின் சங்கடமே இதுதான். சுவரில் மாட்டும் எக்ஸாஸ்ட் விசிறி தலைகீழாகச் சுற்றினால் காற்று எதிர்ப்பக்கம் போகும், உடனே தெரிந்துவிடும். சென்ட்ரிஃபியூகல் புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே வாய் வழியாகத்தான் தள்ளும். சத்தம் வரும், காற்று வரும், அளவு மட்டும் பாதிக்கும் கீழே போய்விடும். கையை நீட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே படும்.

ரெஜிஸ்டரைப் புரட்டினேன். ஏப்ரல் கடைசியில் இந்த இரண்டு மோட்டாரும் காயில் கட்டப் போய்வந்திருக்கின்றன. திரும்பி வந்து மாட்டியபோது மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருக்கிறது. அதற்கு முந்தைய லாட்டுகளின் பிரினெல் 70-க்கு மேல். பிந்தியவை 60-ஐ ஒட்டி. எலக்ட்ரீஷியன் தம்பி ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு வயரை மாற்றிப் போட்டார். ஐந்து நிமிட வேலை. அனிமாமீட்டர் 10-ஐத் தாண்டியது.

இதில் தம்பியைக் குறை சொல்ல நான் தயாரில்லை. மோட்டாரை மாட்டியதும் திசை பார்த்துக் கையெழுத்துப் போடும் கட்டம் நம் படிவத்தில் இருந்ததே இல்லை.

இரவு

தூக்கம் வரவில்லை, ஆகவே இதையும் எழுதி வைக்கிறேன். வெப்பம் இழக்கும் வேகம் சுற்றுப்புறத்தோடு உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்தோமே, அது நியூட்டன் 1701-ல் பெயர் போடாமல் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருகிறது. அவர் அதற்காக எடுத்துக்கொண்டது பழுக்கக் காய்ச்சிய ஓர் இரும்புத் துண்டு. அதன்மேல் ஈயம், வெள்ளீயம் போன்றவற்றின் துணுக்குகளை வைத்து, ஒவ்வொன்றும் எப்போது உறைகிறது என்று நேரம் குறித்தார். பாடப் புத்தகங்கள் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று அந்தக் கட்டுரையில் இருக்கிறது. இரும்பை அவர் அசையாத காற்றில் வைக்கவில்லை, ஒரே சீராக வீசும் காற்றில் வைத்தார். இரும்பைத் தொட்டுச் சூடான காற்றை வீசும் காற்று அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவர வேண்டும் என்று காரணமும் சொன்னார். அவருடைய விதி சரியாகப் பொருந்துவது அப்படிச் சீராக வீசும் காற்றில்தான். அசையாத காற்றில் சூட்டால் எழும் காற்றே குளிர்விக்க வேண்டும், அப்போது கணக்கு மாறிவிடும். முந்நூறு வருடத்துக்கு முன் ஒருவர் சூடான உலோகத்தின் மேல் காற்று எப்படி வீசுகிறது என்பதை இவ்வளவு அக்கறையாகக் குறித்து வைத்திருக்கிறார். நாம் 20 ஹெச்.பி. மோட்டாரை மாட்டிவிட்டு அம்புக்குறியைத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மே 10, வெள்ளி

30 மி.மீ. மறுபடி ஓட்டினோம். 500-லிருந்து 250-க்கு நாலே முக்கால் நிமிடம். கணக்கில் நாலரை வந்திருந்தது. பக்கத்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்த கம்பி மட்டும் ஆறு நிமிடம் எடுத்தது. கம்பிகளுக்கு நடுவே ஒரு கம்பி அகலமாவது இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

ஓவனில் ஏற்றியாகிவிட்டது.

மே 11, சனி

பிரினெல் 70, 72, 71. வாடிக்கையாளருக்கு மாற்றுச் சரக்கு திங்கட்கிழமை போகும்.

அண்ணன் கேட்டார், "அதே புளோயர் கோளாறுதானே மேடம், ஜன்னல் சட்டம் மட்டும் எப்படி தப்பிச்சுது?" நல்ல கேள்வி. சட்டத்தின் சுவர் 2 மி.மீ. தடிமன். உள்ளே இருக்கும் வெப்பத்துக்கு ஏற்ற மேற்பரப்பு அதற்குத் தாராளமாக உண்டு. உருண்டைக் கம்பியில் உலோகம் அதிகம், காற்றுப் படும் பரப்பு குறைவு. 10 மீட்டர் காற்றில் அந்தச் சட்டம் தொடக்கத்தில் விநாடிக்கு ஆறேழு டிகிரி இறங்கும். காற்று பாதியாகக் குறைந்தாலும் பாஸாகிவிடும். 30 மி.மீ. கம்பிக்கு நல்ல காற்றிலேயே தொடக்கத்தில் 1.3 தான், கொஞ்சம் குறைந்தாலும் எல்லைக்குக் கீழே விழும். "புளியோதரைக்குச் சோத்தைத் தாம்பாளத்துல பரப்பி ஆற விடுவாங்களே, குண்டான்லயே வச்சா ஆறுமா" என்றார் அண்ணன். அதேதான்.

கம்பியின் நடுவில் சூடு தங்கிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. அலுமினியம் வெப்பத்தை அவ்வளவு சுலபமாகக் கடத்துகிறது. காற்றில் குளிரும்போது 50 மி.மீ. கம்பியிலும் மையத்துக்கும் மேற்புறத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். தடை முழுவதும் உலோகத்துக்கு வெளியே, அதைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தில். காற்றை வேகமாக வீசுவது அந்தப் படலத்தைச் சீவி மெலிதாக்கத்தான்.

மே 13, திங்கள்

ஆனோடைசிங் கடையிலிருந்து ஒரு சட்டம் வந்தது. நெடுக ஒரே இடைவெளி விட்டு விட்டுச் சாம்பல் திட்டுகள். டேப்பை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். திட்டுகளின் இடைவெளியும் மேசையின் கிராஃபைட் கட்டைகளின் இடைவெளியும் ஒன்று. சூடான சட்டம் கட்டைமேல் படுத்த இடத்தில் மட்டும் குளிர்ச்சி தாறுமாறாக நடந்திருக்கிறது, அங்கே துகள்கள் வேறு விதமாகத் திரண்டிருக்கின்றன. அமிலத் தொட்டியில் இறங்கிய பிறகுதான் அது கண்ணில் படுகிறது. உலகெங்கும் எக்ஸ்ட்ரூஷன் பட்டறைகளுக்குப் பழக்கமான நோய்தான். சட்டத்தை ஒரே இடத்தில் கிடக்க விடாமல் நகர்த்த வேண்டும், காற்றை முன்கூட்டியே திறக்க வேண்டும். முதல் மேசையில் கட்டைகளுக்குப் பதில் வெப்பம் தாங்கும் ஃபெல்ட் உருளைகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

மே 15, புதன்

இன்றுதான் பெரிய வாக்குவாதம்.

புது ஆர்டர், 50 மி.மீ. கம்பி, ஹெச்.இ.30 கலவை, அதாவது 6082, டி6. ஹைட்ராலிக் வால்வு பிளாக் கடைவதற்காம். சோதனைக்கு ஓட்டிய துண்டு பிரினெல் 66. வேண்டியது 90-க்கு மேல். மேனேஜர் சார், புளோயரைச் சரி செய்த உற்சாகத்தில், "இன்னும் இரண்டு புளோயர் போட்டுவிடலாம், எவ்வளவு வேகம் வேண்டுமென்று மட்டும் சொல்லும்மா" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். பணம் ஒதுக்கவும் தயாராக இருந்தார். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

10 மீட்டர் காற்றில் 50 மி.மீ. கம்பி தொடக்கத்தில் விநாடிக்கு 0.65 டிகிரி இறங்குகிறது. காற்றை இரட்டித்து 20 மீட்டர் ஆக்கினால் குளிர்ச்சியும் இரட்டிப்பதில்லை, ஒன்றரை மடங்குதான் ஆகும். அப்போதும் விநாடிக்கு ஒரு டிகிரி. அதற்குச் செலவு? அதே புளோயரில் காற்றின் வேகத்தை இரட்டிக்க மோட்டார் சக்தி எட்டு மடங்காக வேண்டும். 20 ஹெச்.பி. இருக்கும் இடத்தில் 160 ஹெச்.பி. ஹெச்.இ.30 எதிர்பார்ப்பது விநாடிக்குப் பத்து டிகிரி அளவில். அதில் சிலிக்கானும் மெக்னீசியமும் கூட, மாங்கனீசு வேறு. திரள்வதற்குத் துடித்துக்கொண்டிருக்கும் கலவை. வெறும் காற்றால் அந்தப் பத்தை எட்ட வேண்டுமானால், இந்தக் கணக்கின்படி காற்று ஒலியின் வேகத்தை இரண்டு மடங்குக்கு மேல் தாண்ட வேண்டும். அந்த வேகத்தில் கணக்கே செல்லாது. அந்த வழி மூடியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சார் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப தண்ணிதானா?"

தண்ணீர்தான். வேண்டிய அளவைக் காற்றின் பதினைந்து மடங்கு என்று வைத்தால், தண்ணீர்த் தூவல் அதைத் தாண்டிப் பல மடங்கு தரும். ஆனால் அதையும் சும்மா ஊற்ற முடியாது. 500 டிகிரிக் கம்பியில் விழும் தண்ணீர் உலோகத்தைத் தொடுவதே இல்லை. அடியில் நீராவி ஒரு படலமாக நின்று துளியைத் தாங்கிக்கொள்ளும், துளி வழுக்கி ஓடும். அழுத்தத்தோடு அடித்தால்தான் அந்தப் படலம் கிழியும். சுற்றிலும் சமமாக அடிக்க வேண்டும். ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்தால் கம்பி வில்லாக வளையும், ஸ்ட்ரெச்சரால் நிமிர்த்த முடியாத அளவுக்கு. பிரஸ் வாய்க்கு வெளியே மூடிய பெட்டி, நாலு பக்கமும் நாசில், பம்பு, தண்ணீரைக் குளிர்விக்க ஒரு டவர், வடிகட்டி. சில மாதத்து வேலை அது.

"அதுவரைக்கும் இந்த ஆர்டர்?"

கம்பியை நாம் தள்ளிக் கொடுக்கலாம். ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் 530 டிகிரிக்கு மறுபடி காய்ச்சித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டு, பிறகு ஏஜிங் செய்யலாம். கிலோவுக்குக் கூலி ஏறும், லாபம் குறையும். விற்பனைத் தம்பி முகத்தைச் சுருக்கினார். ஹெச்.இ.20 என்று மாற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்டார். அதுவும் காற்றுக்கு அடங்காத கலவைதான், இவ்வளவு தடிமனில் பிரயோசனமில்லை என்றேன். "இப்போதைக்கு டி6 என்று சான்றிதழ் போட்டு அனுப்பிவிட்டால் என்ன, கம்பி பார்க்க அப்படியேதானே இருக்கு" என்று ஒரு குரல் வந்தது.

பார்க்க அப்படியேதான் இருக்கும். 66-ம் 95-ம் ஒரே பளபளப்பு. அந்த வால்வு பிளாக்கில் நூறு இருநூறு பார் அழுத்தத்தில் எண்ணெய் ஓடும், மரையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழாய் நிற்கும், பக்கத்தில் ஒரு மனிதர் வேலை செய்வார். டி6 என்ற இரண்டு எழுத்தை நம்பித்தான் டிசைனர் சுவர்த் தடிமனைக் குறித்திருப்பார். அந்தத் தாளில் என் கையெழுத்து விழாது என்று சொன்னேன். மேனேஜர் சார் என் பக்கம் நின்றார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மே 17, வெள்ளி

கிழக்குச் சுவரில் டக்ட் வேலை பாதி முடிந்துவிட்டது. மூன்று மணிக்குமேல் கடற்காற்று வந்ததும் புளோயர் வாயில் 36 காட்டியது. ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பு குறைந்தது. அதைவிட, மேசைப் பக்கம் நிற்கும் பிள்ளைகள் இன்று மோர் வாங்கிக்கொண்டு வெளியே ஓடவில்லை, அங்கேயே நின்று குடித்தார்கள்.

ரன்-அவுட் மேசைக்குத் தனி ரெஜிஸ்டர் போட்டாகிவிட்டது. பிரஸ் வாயில் வெப்பம், கம்பி உயரத்தில் நான்கு இடத்தில் காற்றின் வேகம், 500-லிருந்து 250-க்கு எடுத்த நேரம், புளோயர் வாயில் காற்றின் வெப்பம், உருண்டைக் கம்பி என்றால் ஒவ்வொரு லாட்டுக்கும் லேப் துண்டு. மோட்டார் கழற்றி மாட்டினால் திசை பார்த்தவர் கையெழுத்து. அனிமாமீட்டர் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டோம்.

இரவு ஷிஃப்ட் இன்ஜினியருக்கு: இந்தக் கட்டங்களைக் காலியாக விட்டு லாட்டை ஓவனில் ஏற்ற வேண்டாம். கட்டம் காலியாக இருந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடுங்கள். 50 மி.மீ. ஹெச்.இ.30 கட்டுகளில் டி6 சீட்டு ஒட்டக் கூடாது. அவை நாளைக் காலை லாரியில் ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்குப் போகின்றன, சான்றிதழ் அங்கிருந்து திரும்பி வந்து லேபில் அளந்த பிறகுதான்.